உமாவுக்கு வந்தது காமாலை இல்லை

மக்களே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அப்பா முதலில் வாசித்துவிட்டு, "சந்தோஷமான சமாச்சாரந்தான்" என்று என்னிடம் நீட்டினார். சொன்னவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நீயும் ரமணியும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு பண்ணியிருப்பதாகவும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். மாமாவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் சாலை பஜாரிலுள்ள பாத்திரக்கடையைக்கூடத் திறக்காமல், ஒரு சீப்பு ஏத்தம்பழமும் வெற்றிலைபாக்குமாக நம் கரமனை வீட்டு வாசலில் வந்து நின்றார். "முறைப்பையன் இருக்கும்போ நான் வெளிய மாப்பிள்ளை தேடணுமாட்டி? பம்பாய்க்குப் போனாலும் அவ நம்ம வீட்டுலதாம்லா இருப்பா" என்றார். என் அண்ணன் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ வருடமாயிற்று. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், முறுக்கு எடுத்து வைத்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். ஆபீசில் கிடைத்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அறைக்குப் போய் வாசி. கேள்விக்குப் பதில் தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதி வைக்கிற பிள்ளைகளுக்கு நான் மார்க் குறைத்துத்தான் பழக்கம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அக்கா உமா காமாலையில் சாகவில்லை. அவளுக்கு இருந்தது தலசீமியா என்ற ரத்த நோய். அது தொற்றி வருவதில்லை. பாதி என்னிடமிருந்தும் பாதி உன் அப்பாவிடமிருந்தும் அவளுக்குப் போயிற்று. நானும் உன் அப்பாவும் மாமன் மகளும் அத்தை மகனும் என்பது உனக்குத் தெரியும். ரமணி என் கூடப் பிறந்த அண்ணனின் மகள். அவளை நீ கட்டுவதற்கு முன்னால் உனக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். உனக்கு மீசை முளைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன்.

நீ பத்தாவதோடு உயிரியலை விட்டவன், அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன். செல்லின் நடுவே உட்கரு. அதற்குள் டி.என்.ஏ. எந்தப் புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று நாலே நாலு எழுத்துகளை வைத்து எழுதியிருக்கும் மூலப் பத்திரம் அது. மூலம் வெளியே வருவதில்லை. நம்முடைய கல்யாண வீடுகளில் ஆக்குப்புரைக்குப் போவது பெரியவர் பெட்டியிலிருக்கும் சமையல் லிஸ்ட் இல்லை, அதைப் பார்த்து எழுதின நகல்தான்; சமைக்க வந்த தவசிப்பிள்ளை அந்த நகலை வைத்துத்தான் அடுப்பு மூட்டுவார். செல்லிலும் அதே வழக்கம். நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அது வெளியே வந்ததும் ரைபோசோம் என்ற மிகச் சிறிய உருண்டை அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து வாசிக்கத் தொடங்கும். மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். அதில் இருபது வகை உண்டு. அவற்றைச் சுமந்து வருவதற்கென்றே வேறு சிறிய ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. தனக்குரிய மூன்றெழுத்து வரும்போது மட்டும் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும், சுமந்து வந்ததை இறக்கும், போய்விடும். இறக்கினது முன்னே இறக்கினதோடு சேர்ந்துகொள்ளும். இப்படி நீளுகிற சங்கிலிதான் புரதம். 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் ரைபோசோம் சங்கிலியை விட்டுவிடும். சங்கிலி மடிந்து தன் உருவத்துக்கு வந்து வேலைக்குப் போகும். ரைபோசோமுக்கு நல்லது கெட்டது தெரியாது. எழுதியிருப்பதைக் கட்டும்.

ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு என்று நாலு சங்கிலி சேர்ந்தது. உமாவுக்கு பீட்டா சங்கிலியின் எழுத்தில் கோளாறு. எந்த எழுத்து என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள். சிலருக்குப் பாதி வழியிலேயே 'நிறுத்து' விழுந்துவிடுகிறதாம். சிலருக்கு நகலை வெட்டி ஒட்டிச் சரிப்படுத்தும் இடத்திலேயே தப்பு நடந்துவிடுகிறதாம். எப்படியானாலும் பீட்டா சங்கிலி வந்து சேர்வதில்லை. ஜோடி கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் சிவப்பணுவுக்குள் கட்டி தட்டி, அது முழுசாக வளருவதற்கு முன்பே அதை உடைத்துவிடுகின்றன. மூலப் பத்திரம் எல்லாருக்கும் இரண்டு பிரதி உண்டு, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டு மற்றது சரியாக இருந்தால் காலம் தள்ளிவிடலாம், கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். நானும் உன் அப்பாவும் அந்த ரகம். உமாவுக்கு இரண்டும் கெட்டது வந்து சேர்ந்தது.

அவளை உனக்குப் போட்டோவில் மட்டும்தான் தெரியும். ஆறு மாதத்திலேயே வெளுக்கத் தொடங்கினாள். வயிறு உப்பியது, மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. மாதம் ஒரு தடவை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். உன் அப்பாவின் செக்ரட்டேரியட் சிநேகிதர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவளுக்குப் பேச்சு வந்த பிறகு, "எனக்கு இன்னைக்கு யாரு ரத்தம்?" என்று கேட்பாள். பெயரைச் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அந்த ஆளாகவே இருப்பாள். ஒருவர் மூக்குப்பொடி போடுகிறவர். இரண்டு விரலை மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தும்முவாள். இன்னொருவர் எதற்கெடுத்தாலும் "அது பின்னே நோக்காம்", அப்புறம் பார்க்கலாம், என்று சொல்லுகிற மலையாளி. அவர் ரத்தம் ஏறின அன்று சாப்பிடக் கூப்பிட்டாலும் "அது பின்னே நோக்காம்" என்பாள். உன் அப்பா சிரித்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஊட்டிக்கொண்டிருப்பேன்.

நோய் இன்னதென்று கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பெண் டாக்டர். எங்கள் இரண்டு பேருடைய ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "டீச்சரே, நிங்ஙள் ரெண்டு பேருக்கும் இது உள்ளதாணு. மோளுக்கு வந்தது அதுகொண்டாணு" என்றார், அதனால்தான் மகளுக்கு வந்தது என்று. அப்போது நீ என் இடுப்பில் இருந்தாய், ஒன்றரை வயது, கொழுகொழுவென்று. உனக்கு அந்த நோய் இல்லை என்பது உன்னைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எங்களைப் போல ஒரு பிரதி கெட்டதாக உனக்கும் இருக்கலாம். "சின்ன மோனெயும் ஒண்ணு நோக்கணும்" என்றார். அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

உமா ஐந்து வயது முடிவதற்குள் போனாள். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இருதயத்தில் தங்கிவிட்டது என்றார்கள். அந்தச் சமயம் உன் சித்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே உன் மாமா என்னிடம் சொன்னார்: "காமாலைன்னு சொல்லு. கண்ணு மஞ்சளாத்தானே இருந்துது? ரத்தத்துல கேடுன்னு வெளிய போச்சுன்னா சின்னவளை எவன் கெட்டுவான்?" அவர் கெட்ட மனுஷன் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். கண் மஞ்சளாக இருந்தது உண்மை, அணுக்கள் உடைந்துகொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால் பொய் சொல்வதில் சிரமமே இருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள், "கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்திருக்கலாம்லா? காமாலைக்குப் போயி யாராவது ஊசி போடுவாளா?" காலேஜ் டீச்சருக்குக் கீழாநெல்லி தெரியவில்லை என்பது எங்கள் பக்கத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் ஏதாவது சடங்கு வீட்டில் யாராவது சொல்வார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். பிள்ளையைக் கவனிக்காதவள் என்ற பெயரை ஏற்றுக்கொண்டுதான் உன் சித்திக்கு மாப்பிள்ளை வாங்கினோம். அவள் நன்றாக இருக்கிறாள், அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பாடம் எங்கள் சிலபஸில் புதிதாக வந்தது. துறையில் மற்றவர்கள் படித்த காலத்தில் இதெல்லாம் கிடையாது, என் காலத்திலும்தான். ஆனால் நான் உட்கார்ந்து படித்தேன், நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கரும்பலகையில் நகலை நீளமாக எழுதிவிட்டு, இருபது பெண்களின் கையில் இருபது நிற மணிகளைக் கொடுத்தேன். நான் ஒரு குச்சியால் மூன்று மூன்று எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போக, அந்தந்த மூன்றெழுத்துக்கு உரியவள் எழுந்து வந்து தன் மணியை நூலில் கோத்துவிட்டுப் போக வேண்டும். 'நிறுத்து' வந்ததும் முடிச்சுப் போட வேண்டும். நல்ல வகுப்பு. பக்கத்து வகுப்புப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள், காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். "மிஸ், போர்டில ஒரு எழுத்து தப்பா எழுதியிருந்தா?" என்றாள். தப்பான மணி வரும், அல்லது முன்னாலேயே முடிச்சு விழும் என்றேன். "அப்போ அந்த ஆளுக்கு என்ன ஆகும் மிஸ்?" என்றாள்.

"பரீட்சைக்கு வராது. உட்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். உமா போய் அப்போது ஆறேழு வருடம். அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டிடத்திலேயே என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் பாடத்தை எடுத்தேன். கேள்வி கேட்க இடமில்லாதபடி மணி அடிக்கும்வரை இழுத்துக்கொண்டு போகப் பழகிக்கொண்டேன்.

உன்னையும் நான் சோதிக்கவில்லை. எங்களுக்குப் பிறந்து நோயில்லாமல் தப்பின பிள்ளை, மூன்று பேர் என்றால் இரண்டு பேருக்கு ஒரு பிரதி கெட்டதாக இருக்கும். இந்தக் கணக்கை நூற்றுக்கணக்கான பெண்களைப் போட வைத்திருக்கிறேன், என் வீட்டுப் பிள்ளைக்குப் போடவில்லை. பத்தாவது படிக்கும்போது நீ வெளுத்துத் தெரிந்தாய். இரும்பு டானிக் வாங்கி ஒரு வருடம் குடிக்க வைத்தேன், நாக்கு கறுக்கிறது என்று நீ அழுதாய். இரும்புக் குறைவுதானா என்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. பயம். வேறு காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கப் போவதில்லை.

உன் மாமா பழத்தோடு வந்துபோன மூன்றாம் நாள் நான் சாலைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார வைத்தார். ரமணிக்கும் உனக்கும் ரத்தம் பார்த்த பிறகு நாள் குறிக்கலாம் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "அது அப்பவே முடிஞ்ச காரியம்லா? உனக்கும் அத்தானுக்கும் இருந்துது, சரி. எனக்கு என்னட்டி? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். கல் மாதிரி இருக்கிறவர்களிடமும் ஒரு பிரதி கெட்டது இருக்கும், நானும் இந்த வயதுவரை கல்லாகத்தான் இருக்கிறேன் என்றேன். "கடைக்கு வாறவன் கீறல் உண்டான்னு பானையைத் தட்டிப் பாக்க மாதிரி, நீ எம் மவளைத் தட்டிப் பாத்து எடுக்கப் போறியா? சொந்தத் தங்கச்சியே பாத்தான்னா வெளிய உள்ளவன் என்ன சொல்லுவான்?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அண்ணன் தங்கைக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை, இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

மாடியிலிருந்து ரமணி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் பாங்கிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்கிக்கூட வைக்கவில்லை. "என்ன டெஸ்ட் அத்தை?" என்றாள். இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். உமாவைப் பற்றியும் சொன்னேன். காமர்ஸ் படித்தவள், ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கையில குத்துவாங்க?" என்றுதான் கேட்டாள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தாள், இரண்டு பேரும் பஸ் பிடித்து மெடிக்கல் காலேஜ் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசினாள். நீ காந்தாரி மிளகாய் கேட்டு எழுதியிருக்கிறாயாம், அதைத் தபாலில் எப்படி அனுப்புவது என்று கேட்டாள்.

முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. ரமணிக்கு ஒரு பிரதி கெட்டது. சந்தேகத்துக்கு இடமில்லை, நானே தாளைப் பார்த்தேன். அவளிடம் சொன்னேன். "அப்போ அத்தானுக்கு?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"நீங்க டீச்சர்லா அத்தை? இருபது வருஷமா எப்படித் தெரியாம இருக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அன்று எனக்கு அவமானமாக இருந்தது, உன் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். இந்த வீட்டில் நான் அழுது அவர் பார்த்தது உமாவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான். "அவனுக்கு எழுது. நான் வாசிக்க மாட்டேன்" என்றார். வாசிக்கவும் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று தெளிவாகச் சொல்கிறேன். உன் இரண்டு பிரதியும் நல்லதாக இருந்தால் ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைகள் சிலர் ரமணியைப் போல இருப்பார்கள், ஓடியாடி வளர்வார்கள். ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம். உனக்கும் ஒன்று கெட்டதாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு உமாவைப் போல ஆக வழியுண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்று. வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லும் வழி வெளிநாட்டில் வந்திருக்கிறது, பம்பாயில் உண்டா என்று நீதான் விசாரிக்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்று இருக்கலாம், எடுத்து வளர்க்கலாம், கல்யாணமே வேண்டாம் என்றும் தீர்மானிக்கலாம். என் அபிப்பிராயம் கேட்பாய். எனக்கு ரமணியைப் பிடிக்கும். இன்னொரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரத்தம் சொட்டுவதைப் பார்த்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. இந்த இரண்டும் எனக்குள் இருக்கின்றன. உனக்கு யோசனை சொல்ல இதில் எதுவும் உதவாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கல்யாணம் நின்றுபோனால், பெண்ணிடம் குறை என்று பேச்சு எழும். அது எழக்கூடாது. யார் கேட்டாலும் மாப்பிள்ளை வீட்டு ரத்தத்தில் வந்த நோய் என்று சொல், உன் அக்கா பெயரைச் சொல்லியே சொல். நானும் இனி சடங்கு வீடுகளில் அப்படியே சொல்லப் போகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற சித்தி மகளுக்கும் ஒரு நாள் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும், உன் சித்திக்கு அதையும் தனியாக எழுதுகிறேன்.

கடிதம் வாசித்து முடித்ததும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போ. வெறும் ரத்த எண்ணிக்கை போதும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதே. ஹீமோகுளோபின் எலெக்ட்ரோபோரெசிஸ் என்று கேள், அதில் ஏ-டூ என்ற வகை எவ்வளவு என்று அளந்து எழுதித் தரச் சொல். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ரமணி இத்தனை நாள் உனக்கு எழுதாதது நான் கேட்டுக்கொண்டதால்தான். நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன், சம்மதித்தாள். படியிறங்கும்போது திரும்பி நின்று, "அத்தானுக்கு ரிசல்ட் என்னன்னு உங்களுக்கு எழுதினா, நீங்க எங்கிட்ட சொல்லுவீங்களா அத்தை?" என்றாள். சொல்லுவேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அதனால், ரிசல்ட் தாள் உன் கைக்கு வந்ததும் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், உன் மாமா பிரித்துவிடுவார். பாங்க் விலாசத்துக்கு அனுப்பு. அவளாக வந்து சொன்னால் தெரிந்துகொள்கிறேன். சொல்லாவிட்டால் நான் கேட்க மாட்டேன்.

அம்மா